கேவிஏ கேட்கும் முன்: எச்.டி. இணைப்புக்கு மாறும் கொங்குத் தொழில்முனைவோருக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் வட்டாரங்களில் பட்டறையும் ஆலையும் நடத்தும் அன்பர்களுக்கு,

எல்.டி. இணைப்பில் தொழில் தொடங்கி, இயந்திரம் ஒன்று இரண்டாகி, இரண்டு பத்தாகி, இனி எச்.டி.க்கு மாறாமல் முடியாது என்ற கட்டத்துக்கு வந்துவிட்டவர்களுக்காக எழுதப்படும் மடல் இது. சொந்தமாக டிரான்ஸ்பார்மர் வாங்கும் பொறுப்பு முதல்முறையாக அப்போதுதான் முதலாளியின் தலையில் ஏறுகிறது. கம்பெனிக்காரர் கேட்கும் முதல் கேள்வி, “எத்தனை கேவிஏ சார்?” அதற்குச் சொல்லும் ஒற்றை எண்ணை வைத்துத்தான் அடுத்த இருபத்தைந்து முப்பது ஆண்டுகளுக்கான செலவு தீர்மானமாகிறது. அந்த எண் பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில், ஒரு துண்டுச் சீட்டில் போட்ட கூட்டல் கணக்கிலிருந்து பிறக்கிறது. அந்தக் கூட்டல் கணக்கைத்தான் முதலில் கைவிட வேண்டும்.

எப்படிக் கூட்டுகிறார்கள் என்று பார்ப்போம். ஓர் எஞ்சினியரிங் பட்டறை இருப்பதாக வைத்துக்கொள்வோம். 15 கிலோவாட் சி.என்.சி. இயந்திரங்கள் இருபது. 37 கிலோவாட் கம்ப்ரஸர் இரண்டு. 100 கிலோவாட் ஹீட் ட்ரீட்மென்ட் ஃபர்னஸ் ஒன்று. கிரேனுக்கு 30, விளக்கு, ஏ.சி., அலுவலகம் எல்லாம் சேர்த்து 40, பம்புகளுக்கு 20. எல்லாவற்றின் நேம் பிளேட்டையும் கூட்டினால் 564 கிலோவாட் வரும். பவர் ஃபேக்டர் 0.8 என்று வைத்து வகுத்தால் 705 கேவிஏ. எதிர்காலத்துக்கென்று கால்பங்கு சேர்த்தால் 880ஐத் தாண்டும். அதற்கு மேல் சந்தையில் கிடைக்கும் அளவு 1000. ஆயிரம் கேவிஏ டிரான்ஸ்பார்மருக்கு ஆர்டர் போய்விடும்.

இப்போது அதே பட்டறைக்குள் நின்று பார்க்க வேண்டும். சி.என்.சி.யின் 15 கிலோவாட் என்பது ஸ்பிண்டில் வேகமெடுக்கும்போதும் ஆழமாக வெட்டும்போதும் சில நொடிகள் எட்டிப் பார்க்கும் உச்சம். டூல் மாற்றும் நேரம், ஜாபை ஏற்றி இறக்கும் நேரம், அளவு பார்க்கும் நேரம் எல்லாம் கழித்தால் இருபது இயந்திரங்களும் சேர்ந்து சராசரியாக 105 கிலோவாட் எடுத்தாலே அதிகம். கம்ப்ரஸர் இரண்டில் ஒன்று ஸ்டாண்ட்பை; ஓடுவது 33 கிலோவாட் எடுக்கும். ஃபர்னஸ் சூடேறும் நேரத்தில் முழு 100ஐயும் இழுக்கும். கிரேன் நாளில் பெரும்பகுதி சும்மா நிற்கிறது. அதற்கு 5 போதும். விளக்கு வகைக்கு 35, பம்புக்கு 14. மொத்தம் 292 கிலோவாட். கெபாசிட்டர் பேனல் வைத்து பவர் ஃபேக்டரை 0.95இல் நிறுத்தினால் 307 கேவிஏ. வளர்ச்சிக்குக் கால்பங்கு சேர்த்தாலும் 385தான் வருகிறது. 500 கேவிஏ தாராளமாகப் போதும்.

ஆயிரமும் ஐந்நூறும் ஒரே பட்டறைக்கு வந்த விடைகள். இயந்திரங்கள் ஒரே நேரத்தில் எவ்வளவு எடுக்கின்றன என்று யாராவது பார்த்தார்களா என்பதுதான் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு.

நேம் பிளேட் கூட்டலுக்கும் உண்மையான தேவைக்கும் உள்ள விகிதம் தொழிலுக்குத் தொழில் மாறும். எஞ்சினியரிங் பட்டறையில் நேம் பிளேட் கூட்டலில் பாதிதான் உண்மையில் தேவைப்படுகிறது என்பதை வைத்து ஸ்பின்னிங் மில் முதலாளி கணக்குப் போட்டால் மாட்டிக்கொள்வார். ரிங் ஃப்ரேம்கள் மூன்று ஷிஃப்டும் சேர்ந்தே ஓடும். ஈரப்பதம் காக்கும் ஹியூமிடிஃபிகேஷன் விசிறிகளும் அவற்றோடு ஓயாமல் சுழலும். அங்கே லோடு கோடு மேசை போலத் தட்டையானது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கதை இன்னொரு விதம். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் அவற்றை மூடச் சொன்ன பிறகு, சொட்டுக் கழிவுநீரும் வெளியேறக் கூடாது என்ற முறைக்குத் தொழில் மாற வேண்டியிருந்தது. ஆர்.ஓ. பம்பும் எவாப்பரேட்டரும் இராப்பகலாக ஓடின. துணிக்குச் சாயமேற்றும் இயந்திரங்களை மட்டும் மனத்தில் வைத்துப் போட்ட பழைய கேவிஏ கணக்குகள் அதன் பிறகு பொருந்தவில்லை.

இனிப் பணம் எங்கே போகிறது என்பதைப் பார்க்கலாம். இங்கே ஒரு குழப்பம் பரவலாக இருக்கிறது. அதைத் தீர்த்தாக வேண்டும். டிரான்ஸ்பார்மரின் கொள்ளளவு வேறு, மின்வாரியத்தோடு எழுதிக்கொள்ளும் ஒப்பந்த டிமாண்ட் வேறு. ஆயிரம் கேவிஏ டிரான்ஸ்பார்மர் வைத்திருப்பவர் 350 கேவிஏவுக்கு ஒப்பந்தம் போடலாம். ஆனால் பெரிய டிரான்ஸ்பார்மரை வாங்கியவுடன் ஒப்பந்த எண்ணையும் சேர்த்தே ஏற்றிவிடும் வழக்கம் இருக்கிறது. மாதாமாதம் கையைக் கடிப்பது அதுதான்.

தமிழ்நாட்டு எச்.டி. பில்லில் டிமாண்ட் கட்டணம் எப்படி வருகிறது? அந்த மாதம் மீட்டரில் பதிவான உச்ச டிமாண்ட் அல்லது ஒப்பந்த டிமாண்டில் 90 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்ட வேண்டும். 2022 செப்டம்பரில் தொழிற்சாலைகளுக்கான இந்தக் கட்டணம் கேவிஏ ஒன்றுக்கு மாதம் 350 ரூபாயிலிருந்து 550 ரூபாயாக உயர்ந்தது. அதன் பிறகும் ஏறியிருக்கிறது. மேலே சொன்ன பட்டறை 700 கேவிஏவுக்கு ஒப்பந்தம் போட்டிருந்தால், பயன்படுத்தியது 307 ஆனாலும் 630க்குக் கட்ட வேண்டும். 550 ரூபாய் என்றே வைத்தாலும், தொடாத 323 கேவிஏவுக்கு மாதம் ஒன்றே முக்கால் லட்சம், ஆண்டுக்கு 21 லட்சத்துக்கு மேல். ஒப்பந்தம் 340 ஆக இருந்தால் இந்தப் பணம் அப்படியே கையில் நிற்கும். நிலைக்கட்டணத்தையும் உச்சநேரக் கட்டணத்தையும் எதிர்த்து 2023 செப்டம்பரில் தமிழகச் சிறுதொழில்கள் ஒருநாள் கதவடைத்தன. அந்தப் போராட்டத்தின் நியாயம் ஒருபுறம் இருக்கட்டும். விகிதத்தைக் குறைப்பது அரசின் கையில் இருக்கிறது. அதைப் பெருக்கும் கேவிஏ எண்ணைக் குறைப்பது முதலாளியின் கையில் இருக்கிறது.

அப்படியானால் பெரிய டிரான்ஸ்பார்மர் என்றாலே மின்சார விரயம் என்று முடிவுகட்டலாமா? அதுவும் சரியில்லை. டிரான்ஸ்பார்மரில் இரண்டு வகை இழப்பு உண்டு. ஒன்று இரும்பு இழப்பு: ஆலை ஓடினாலும் ஓடாவிட்டாலும், தீபாவளி விடுமுறையிலும், வருடத்தின் 8760 மணி நேரமும் மாறாமல் இருக்கும். மற்றது லோடு இழப்பு: கரண்டின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும், அதாவது லோடு பாதியானால் இழப்பு கால்பங்காகிவிடும். 500 கேவிஏவுக்கு இரும்பு இழப்பு 0.8 கிலோவாட், முழு லோடு இழப்பு 5.5 கிலோவாட் என்றும், 1000 கேவிஏவுக்கு 1.2, 9 என்றும் வைத்துக் கணக்குப் போடலாம். 307 கேவிஏ லோடில் 500இன் மொத்த இழப்பு 2.87 கிலோவாட், 1000இன் இழப்பு 2.05தான்! ஓடும் நேரத்தில் பெரியது சிக்கனம். ஓடாத நேரத்தில் சின்னது சிக்கனம்.

ஒரு ஷிஃப்ட் மட்டும், ஆண்டுக்கு 2400 மணி நேரம் ஓடும் பட்டறையில் ஆண்டு இழப்பு 500க்குச் சுமார் 12,000 யூனிட், 1000க்கு 12,550 யூனிட். கிட்டத்தட்ட சமம், சின்னதில் இழப்பு சற்றே குறைவு. அதே லோடு மூன்று ஷிஃப்டும் 8160 மணி நேரம் ஓடினால் 500க்கு 23,900, 1000க்கு 17,450. பெரியது ஆண்டுக்கு ஆறாயிரம் யூனிட்டுக்கு மேல் மிச்சப்படுத்துகிறது. ஆகவே ஸ்பின்னிங் மில்காரர் ஒரு படி பெரிதாக வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. பகல் ஷிஃப்ட் மட்டும் ஓட்டும் பட்டறைக்காரருக்கு அது வீண் முதலீடு. இந்த இழப்பு முழுவதும் முதலாளியின் பில்லில்தான் விழுகிறது. எச்.டி. மீட்டர் டிரான்ஸ்பார்மருக்கு முன்னால் இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

இந்த வாட் கணக்கை விற்பனைப் பிரதிநிதி தானாகச் சொல்ல மாட்டார், கேட்டு வாங்க வேண்டும். 2500 கேவிஏ வரை, 33 கேவி வரையிலான எண்ணெய் டிரான்ஸ்பார்மர்களுக்கு ஐ.எஸ். 1180 என்ற இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது. 2014இல் திருத்தப்பட்ட அதன் முதல் பகுதி, பாதி லோடிலும் முழு லோடிலும் மொத்த இழப்பு எவ்வளவைத் தாண்டக் கூடாது என்று மூன்று திறன் நிலைகளாக வகுத்திருக்கிறது. கொட்டேஷனில் விலைக்குப் பக்கத்தில் இந்த இரண்டு எண்களும் எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லாத கொட்டேஷனைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

லோடு கணக்கு முடிந்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. பெரிய டிரான்ஸ்பார்மர் கூடவே ஓர் ஆபத்தையும் கொண்டுவருகிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. டிரான்ஸ்பார்மர் தொட்டியின் பக்கவாட்டில் அறைந்திருக்கும் தகட்டை அருகில் போய் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். 1000 கேவிஏ, 22000/433 வோல்ட், டிஒய்என்11, அதற்குக் கீழே இம்பீடன்ஸ் 5 சதவீதம். எல்லாரும் முதல் வரியோடு நின்றுவிடுகிறார்கள். உயிரைக் காப்பது கடைசி வரி. 433 வோல்ட்டில் ஆயிரம் கேவிஏவின் முழு கரண்ட் 1333 ஆம்பியர். அதை 5 சதவீதத்தால் வகுத்தால் ஏறக்குறைய 26,700 ஆம்பியர். எல்.டி. பேனலுக்குள் ஷார்ட் சர்க்யூட் ஆனால் பாயக்கூடிய கரண்ட் அது. 4.5 சதவீத இம்பீடன்ஸ் உள்ள 500 கேவிஏவில் அது 15,000க்குள் அடங்கும்.

பழைய 500ஐக் கழற்றிவிட்டு அதே இடத்தில் 1000ஐ வைக்கும் முதலாளி, பழைய பேனலை அப்படியே விட்டுவிடுவார். அதிலுள்ள பிரேக்கர்கள் 25 கிலோ ஆம்பியர் தாங்கும் வகை என்றால், ஃபால்ட் வரும் நாளில் அவற்றால் கரண்டை அறுக்க முடியாது. பிரேக்கரே வெடிக்கும். பேனல் கதவுக்கு முன்னால் நிற்கும் எலெக்ட்ரீஷியனின் முகத்திலும் கையிலும் அந்தத் தீப்பிழம்பு விழும். டிரான்ஸ்பார்மரை மாற்றும் செலவில் பிரேக்கரின் தாங்குதிறனைச் சரிபார்க்கும் செலவும் சேர்ந்தே இருக்க வேண்டும். இதில் பேரம் பேசக் கூடாது.

மறுபக்கம், ரொம்பச் சின்னதாக வாங்கினாலும் தொல்லைதான். நூறு எச்.பி. கம்ப்ரஸர் மோட்டார் ஒன்றை நேரடியாக, டி.ஓ.எல். முறையில் ஸ்டார்ட் செய்தால் முழு கரண்டைப் போல ஆறு மடங்கு இழுக்கும். சுமார் 560 கேவிஏ. 4.5 சதவீத இம்பீடன்ஸ் உள்ள 250 கேவிஏ டிரான்ஸ்பார்மரில் இது வோல்டேஜை 10 சதவீதம் கீழே தள்ளும். பக்கத்தில் வேலையிலிருக்கும் சி.என்.சி. அலாரம் அடித்து நின்றால், பாதி வெட்டிய ஜாப் வீணாகும். இதற்காகவே இன்னும் பெரிய டிரான்ஸ்பார்மர் வாங்கியவர்கள் உண்டு. ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் வைத்தால் ஸ்டார்ட்டிங் கரண்ட் மூன்றில் ஒன்றாகிவிடும், வி.எஃப்.டி. வைத்தால் இன்னும் குறையும். ஒரு மோட்டாரின் முதல் பத்து நொடிக்காக ஆலை முழுவதன் டிரான்ஸ்பார்மரைப் பெரிதாக்குவது தேவையற்ற செலவு.

ஃபவுண்டரிக்காரர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கோவையின் பம்பு, மோட்டார் தொழிலுக்கு அடியில் நிற்பவை ஃபவுண்டரிகள். இன்று அவற்றில் இண்டக்ஷன் ஃபர்னஸ் நிலைத்துவிட்டது. அந்த ஃபர்னஸின் பவர் பேனல் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை முதலில் டி.சி.யாக மாற்றுகிறது. ஆறு பல்ஸ் ரெக்டிஃபையர் என்றால் 5ஆவது, 7ஆவது, 11ஆவது, 13ஆவது ஹார்மோனிக் கரண்ட்கள் பிறக்கும். ஏட்டுக் கணக்குப்படி 5ஆவது ஹார்மோனிக் மூலக் கரண்டில் ஐந்தில் ஒரு பங்கு, 7ஆவது ஏழில் ஒரு பங்கு. பார்க்கச் சின்னதாகத் தெரியும். ஆனால் டிரான்ஸ்பார்மர் சுருளில் எழும் சுழல் கரண்ட் இழப்பு, ஹார்மோனிக் எண்ணின் வர்க்கத்தாலும் கரண்டின் வர்க்கத்தாலும் பெருகுகிறது. ஐந்தில் ஒன்றின் வர்க்கத்தை இருபத்தைந்தால் பெருக்கினால் ஒன்று. ஏழுக்கும் அதே ஒன்று. பதினொன்றுக்கும் பதின்மூன்றுக்கும் அதே. ஒவ்வொரு ஹார்மோனிக்கும் மூலக் கரண்ட் தரும் அளவுக்கே இன்னொரு பங்கு சுழல் இழப்பைச் சேர்க்கிறது. நான்கும் சேர்ந்தால் சுழல் இழப்பு ஐந்து மடங்கு. லோடு இழப்பில் சுழல் இழப்பின் பங்கு பத்து சதவீதம் என்று வைத்தாலும், மொத்த லோடு இழப்பு நாற்பது சதவீதம் கூடிவிடும். உண்மையான ஃபர்னஸில் இந்த எண்கள் ஓரளவு தணிந்திருக்கும் என்றாலும் திசை இதுதான்.

அம்மீட்டர் முழு லோடுக்குள்தான் காட்டும். டிரான்ஸ்பார்மர் மட்டும் கொதிக்கும். சாதாரண டிரான்ஸ்பார்மரை ஃபர்னஸுக்குக் கொடுத்துவிட்டு, எண்ணெய் சரியில்லை, காற்றோட்டம் போதவில்லை என்று தேடுவதில் பலன் இல்லை. ஃபர்னஸுக்கென்றே வடிவமைத்த தனி டிரான்ஸ்பார்மர் வேண்டும். இரண்டு செகண்டரி சுருள், ஒன்று ஸ்டார், மற்றது டெல்டா என்று அமைத்துப் பன்னிரண்டு பல்ஸாக ஓட்டினால் 5ஆவதும் 7ஆவதும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், மேல்பக்கத்துக்கு ஏறாது. பட்டறையின் மற்ற இயந்திரங்களை அந்த டிரான்ஸ்பார்மரில் கோர்க்கவே கூடாது.

கெபாசிட்டர் பேனலையும் இதோடு சேர்த்தே யோசிக்க வேண்டும். 5 சதவீத இம்பீடன்ஸ் உள்ள 1000 கேவிஏ டிரான்ஸ்பார்மரில் 400 கேவிஏஆர் கெபாசிட்டரைச் சேர்த்தால், இரண்டும் ஒத்ததிரும் இடம் சரியாக 7ஆவது ஹார்மோனிக்குக்கு அருகில் வந்து நிற்கும். ஹார்மோனிக் நிறைந்த ஆலையில் கெபாசிட்டர்கள் உப்பி வெடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 7 சதவீத ரியாக்டரோடு வரும் கெபாசிட்டர் வாங்கினால் ஒத்ததிர்வு 189 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். 5ஆவது ஹார்மோனிக்கின் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே, எந்த வம்பும் இல்லாத இடம்.

வெயிலைப் பற்றி ஒரு சொல். டிரான்ஸ்பார்மரின் ஆயுள் என்பது சுருளைச் சுற்றியிருக்கும் காகிதத்தின் ஆயுள். மான்ட்சிங்கர் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1930இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்த விதி இன்றும் சர்வதேச வழிகாட்டியில் இருக்கிறது: சுருளின் உச்சச் சூடு ஒவ்வொரு 6 டிகிரி கூடும்போதும் சாதாரணக் காகிதம் தேயும் வேகம் இரட்டிப்பாகும். இடம் மிச்சம் என்று டிரான்ஸ்பார்மரை ஜன்னலில்லாத அறைக்குள் அடைத்து, அறைச் சூட்டைப் பன்னிரண்டு டிகிரி ஏற்றிவிட்டால் காகிதம் நான்கு மடங்கு வேகத்தில் மூப்படைகிறது. அதற்கு ஒரு படி பெரிய கேவிஏ வாங்குவது மருந்தல்ல. சுவரில் கீழே ஒரு திறப்பும் மேலே ஒரு திறப்பும் வைப்பதுதான் மருந்து. அப்படியே, டிரான்ஸ்பார்மருக்குள் போகும் காற்றின் ஈரத்தை உறிஞ்ச வைத்திருக்கும் சிலிக்கா ஜெல்லையும் பார்த்துக்கொள்ளலாம். நீலம் இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் எண்ணெய்க்குள் ஈரம் போகத் தொடங்கிவிட்டது.

கூரையில் சோலார் போட்டிருப்பவர்கள் “பாதி மின்சாரம் கூரையிலிருந்து வருகிறதே, டிரான்ஸ்பார்மரைச் சின்னதாக்கலாமா?” என்று கேட்கிறார்கள். கூடாது. மேகம் மூடிய நாளிலும் மாலை ஆறு மணிக்குப் பிறகும் முழு லோடும் டிரான்ஸ்பார்மர் வழியாகத்தான் வரும். இன்னொரு சிக்கலும் உண்டு. 300 கிலோவாட் லோடு 0.95 பவர் ஃபேக்டரில் ஓடும்போது சுமார் 99 கேவிஏஆர் தேவைப்படுகிறது. சோலார் 200 கிலோவாட்டைக் கொடுத்தால் மின்வாரியத்திலிருந்து வருவது 100 கிலோவாட். ஆனால் கேவிஏஆர் அதே 99. இணைப்பிடத்தில் அந்த நேரத்துப் பவர் ஃபேக்டர் 0.71க்கு விழுந்துவிடும். மாதச் சராசரி 0.90க்குக் கீழே போனால் அபராதம் வரும். சோலார் போடும்போதே இன்வெர்ட்டரில் கேவிஏஆர் அமைப்பையும் கெபாசிட்டர் கன்ட்ரோலருக்காகக் கரண்டை அளக்கும் சி.டி. இருக்கும் இடத்தையும் சரிசெய்துவிட வேண்டும்.

ஒன்று பெரிதா, இரண்டு சின்னதா? நிறுத்தினால் நட்டம் வரும் தொழிலுக்கு இரண்டு சின்னது நல்லது. ஃபர்னஸில் உருகிய இரும்பு நிற்கும்போது, தொட்டியில் சாயத்துணி ஊறும்போது, ஒற்றை டிரான்ஸ்பார்மர் பழுதானால் மாற்று கிடைக்கும்வரை எல்லாம் நின்றுபோகும். இரண்டையும் பேரலலில் ஓட்டுவதென்றால் வோல்டேஜ் விகிதமும் வெக்டர் குரூப்பும் ஒன்றாக இருக்க வேண்டும், இம்பீடன்ஸும் நெருங்கியிருக்க வேண்டும். ஆனால் அப்போது ஃபால்ட் கரண்டும் கூடிவிடும். இரண்டின் பேனல்களையும் இணைக்கும் பஸ் கப்ளரைத் திறந்தே வைத்து, அவசரத்துக்கு மட்டும் மூடுவது பாதுகாப்பான வழக்கம்.

கடைசியாக, இந்த வட்டாரத் தொழில் சங்கங்களிடம் ஒரு வேண்டுகோள். மேலே சொன்ன கணக்கு எல்லாவற்றுக்கும் தேவைப்படுவது ஒரே ஒரு பொருள்: அந்த ஆலையின் லோடு நேரத்துக்கு நேரம் எப்படி ஏறி இறங்குகிறது என்ற பதிவு. இன்றைய எலெக்ட்ரானிக் மீட்டரிலேயே உச்ச டிமாண்ட் பதிவாகிறது. பன்னிரண்டு மாத பில்லை வரிசையாக வைத்தாலே பாதி விடை கிடைக்கும். மீதிப் பாதிக்கு, ஹார்மோனிக்கும் பதிவுசெய்யும் பவர் அனலைசரை ஒரு வாரம் பேனலில் மாட்டி வைக்க வேண்டும். நூற்பாலைகளுக்குக் கோவையின் ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ரா எரிசக்தித் தணிக்கை செய்து தருகிறது. அந்த வசதி எட்டாத பட்டறைக்கும் ஃபவுண்டரிக்கும் சங்கமே ஓர் அனலைசரை வாங்கி, பயிற்சி பெற்ற ஒருவரோடு உறுப்பினர்களுக்கு வாடகைக்கு விடலாம். எச்.டி. விண்ணப்பம் எழுதும் முன்பே அந்த ஒரு வாரப் பதிவு முதலாளியின் கையில் இருக்குமாறு சங்கங்கள் இந்த ஆண்டே ஏற்பாடு செய்ய வேண்டும்.